சல்லாத் திரைக்கு இந்தப் பக்கம்

மாப்பிள்ளை திரைத்துணிக் கடைக்குள் நுழைந்தபோது பெரியவளின் மடி நிறைய, அந்தப் பக்கம் தெரிகிற மெல்லிய சல்லாத் துணி கிடந்தது. ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவள் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். மெஷின் மிதியில் இருந்த கால் அப்படியே நிற்க, ஊசி துணியில் குத்தியபடி நின்றுவிட்டது.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் புருஷன். அந்தத் தங்கையை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இப்போது பெரியவளின் மாடி அறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் ஒரு போர்வையை விரித்து ஒளிந்துகொண்டிருந்தாள். வந்த அன்று காதுக்குப் பின்னால் ரத்தம் காய்ந்து முடியோடு ஒட்டியிருந்தது. பெரியவள் வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டபோது அவள் அழக்கூட இல்லை. கண்டுபிடித்தால் கொன்றுவிடுவதாக அவன் சொல்லியிருக்கிறான் என்று மட்டும் சொன்னாள். அதையும் கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அந்தக் குரல்தான் அதிகம் பயமாக இருந்தது.

காவல் நிலையத்துக்கும் போய்ப் பார்த்தார்கள். அங்கே இருந்தவர், குடும்பம் என்றால் நாலும் இருக்கும், உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று தேன் ஒழுகச் சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கு என்ன, அவர் காதுக்குப் பின்னாலா ரத்தம்? கடைசியில் கை கொடுத்தது கடையில் ஜன்னல்களுக்கு அளவெடுக்கிற அளவு அண்ணன்தான். நாளைக் காலை தைத்த திரைகளை ஏற்றிக்கொண்டு கடை வேன் வெளியூர் போகிறது. அந்த ஊரில் அவர் மனைவியின் சிநேகிதி ஒரு தையற்கூடம் நடத்துகிறாள், வேலையும் தருவாள், தங்க இடமும் தருவாள். ஆக, வேன் கிளம்புகிறவரை சின்னவள் யார் கண்ணிலும் படக் கூடாது. அந்த ஒரு ராத்திரியைத் தாண்டிவிட்டால் போதும்.

அந்த நேரம் பார்த்துத்தான் இவன் வந்து நிற்கிறான்.

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்றான். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. குரலில் அத்தனை பணிவு. கோபம் ஏற ஏற அவன் குரல் இறங்கும் என்று சின்னவள் சொல்லியிருந்தாள். இன்றைக்கு அது தரையைத் தொடுகிற மாதிரி இருந்தது.

"வாங்க மாப்ள," என்றாள் பெரியவள். சொல்லிவிட்டு முகத்தை மடியில் இருந்த துணிக்குள் புதைக்காத குறையாகக் குனிந்துகொண்டாள்.

குனிந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கடையில் சல்லா என்கிற சொல் துணியோடு நிற்பதில்லை. மனதில் நினைப்பதெல்லாம் முகத்தில் தெரிகிற ஆளையும் சல்லா என்றுதான் சொல்வார்கள். யாராவது பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், "சல்லாவைப் போத்திக்கிட்டு ஒளியறான் பாரு" என்று சிரிப்பார்கள். கடையிலேயே பெரிய சல்லா யார் என்று கேட்டால் எல்லாக் கையும் பெரியவளைத்தான் காட்டும். வாடிக்கைக்காரரிடம் விலை பேசும்போது முதலாளியம்மா இவளை உள்ளே அனுப்பிவிடுவாள். இவள் முகத்தைப் பார்த்தே பாதி விலைக்குக் கேட்பார்களாம். மற்ற நாட்களில் பெரியவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். இன்று அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

சின்னவள் இங்கே வந்தாளா என்று அவன் கேட்டான். இல்லை என்றாள். போன் பண்ணினாளா என்று கேட்டான். அதற்கும் இல்லை என்றாள். அவன் நகரவில்லை. தையல் மெஷின் ஓரமாக வந்து நின்று, அவள் மடியில் இருந்த துணியின் நுனியை இரண்டு விரலால் எடுத்துத் தடவிப் பார்த்தான்.

"இது என்ன துணிக்கா?"

பயந்த வாய் இரண்டில் ஒன்று செய்யும். பூட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் கொட்டிவிடும். பெரியவள் கொட்டினாள். துணியைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவளுக்கு ஊர் உலகம் மறந்துபோகும். இன்று மறந்துபோனால் தேவலை என்றும் இருந்தது. ஒருத்தர் இதை வாயல் துணி என்று கேட்டு வருவார், இன்னொருத்தர் ஷிபான் என்பார், வேறொருத்தர் நெட் என்பார், கம்பெனிக்காரன் வருஷத்துக்கு ஒரு புதுப்பேர் ஒட்டி அனுப்புவான், கடைக்குள் வந்துவிட்டால் எல்லாம் சல்லாதான் என்று சொன்னாள். மெல்லிசாக இருப்பதெல்லாம் சல்லா ஆகாது, கைக்குட்டைகூடத்தான் மெல்லிசு, அடியில் கையை வைத்தால் ரேகை தெரியவேண்டும் என்றாள். தன் கையையே வைத்தும் காட்டினாள். அவன் தன் முகத்தைப் பார்க்காமல் துணியையே பார்க்கட்டும் என்று இன்னும் வேகமாகப் பேசினாள்.

"இதுல ஒரு விசேஷம் இருக்கு மாப்ள. பகல்ல வெளிய நிக்கறவங்களுக்கு உள்ள ஒண்ணும் தெரியாது. உள்ள இருக்கறவங்களுக்கு வெளிய எல்லாம் தெரியும். பொழுது சாஞ்சு உள்ள லைட்டப் போட்டா அப்படியே மாறிடும். வெளிய நிக்கறவங்களுக்கு வீடே தெரியும். உள்ள இருக்கறவங்களுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது."

வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்கிற பாடம்தான். வாய் தானாக ஒப்பித்துவிட்டது. அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கடைசியில், "உங்க ரூம்லயும் இதுதானே போட்டிருக்கீங்க? முன்ன வந்தப்ப பாத்திருக்கேன்," என்றான்.

பெரியவள் ஆமாம் என்று தலையசைத்தாள். வேறு என்ன செய்வாள்?

அவன் போன பிறகுதான், தான் எதை எடுத்து யார் கையில் கொடுத்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. அளவு அண்ணனிடம் ஓடி, ஜன்னலுக்குக் கனமான துணி ஏதாவது இருந்தால் கொடுங்கள், இன்றைக்கே மாட்டிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். அவர் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை விரலில் சுற்றியபடி கொஞ்சம் யோசித்தார்.

இத்தனை நாள் சல்லா தொங்கிய ஜன்னலில் இன்றைக்கு மட்டும் கனத்துணி தொங்கினால், உள்ளே ஆள் இருக்கிறது என்று மைக் வைத்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றார். அதைவிட லைட்டே போடாமல் இருந்துவிடு, இருட்டில் சல்லாவும் சுவரும் ஒன்று என்றார். தொழில் தெரிந்த ஆள் சொல்கிறார். தொழில் தெரிந்த இவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு பேரும் துணியைப் பற்றி மட்டும்தான் யோசித்தார்கள்.

அறைக்குப் போனபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, எதிர் மூலையில் கட்டில், இரண்டுக்கும் நடுவில் தெருவைப் பார்த்த ஜன்னல், அதில் கடையில் மிஞ்சின துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த சல்லா. ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். உள்ளே நுழைந்ததும் பெரியவள் தாழ்ப்பாளைப் போட்டாள். அது ஒரு பேருக்குத் தாழ்ப்பாள். வாடகைக்கு விட்டவருக்கு அதை மாற்ற இன்னும் நல்ல நேரம் பிறக்கவில்லை.

கடைக்கு அவன் வந்ததை மறைத்துவிடலாம் என்றுதான் படியேறும்போது நினைத்தாள். சின்னவள் அக்காளின் முகத்தைப் பார்த்தாள். "வந்துட்டாரா?" என்றாள். அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது.

லைட் போடவில்லை. இரண்டு பேரும் ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி நின்றுகொண்டு சல்லா வழியாகக் கீழே பார்த்தார்கள். தெருவிளக்கு எரிந்ததும் பஸ் நிறுத்தம் பளிச்சென்று தெரிந்தது. கையில் பையோடு வேலை விட்டுப் போகிறவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, சுவரில் சாய்ந்து தூங்குகிற ஒரு ஆள். அவர்களுக்கு நடுவில் மாப்பிள்ளை. ஒரு பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. அவன் ஏறவில்லை. தலையை அண்ணாந்து இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் அக்காளின் கையைப் பிடித்த பிடியில் வளையல் சதையில் அழுந்தியது.

"தெரியாதுடி. அங்கேருந்து ஒண்ணும் தெரியாது," என்று பெரியவள் காதோடு சொன்னாள். அதைச் சொல்லும்போது கொஞ்சம் தைரியம்கூட வந்தது. அவனை இவர்கள் பார்க்கலாம், இவர்களை அவன் பார்க்க முடியாது. அந்தப் பொல்லாத துணி ஒரு நாளாவது நம் பக்கம் நிற்கிறதே என்று இருந்தது.

அந்தத் தைரியம் அடுத்த வீட்டு விளக்கு எரிகிறவரைக்கும்தான். பக்கத்து அறையில் லைட் போட்டார்கள். கீழ்வீட்டில் போட்டார்கள். எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சக் கட்டங்களைப் பார்த்தபோது பெரியவளுக்குப் புரிந்தது. கட்டடம் முழுக்க எரிகிறது, இந்த ஒரு ஜன்னல் மட்டும் இருட்டு. அவள் படியேறி வந்ததை அவன் பார்த்திருப்பான். வேலை முடிந்து வந்த பொம்பளை விளக்குப் போடாமல் இருட்டுக்குள் உட்கார்ந்து என்ன செய்வாள்? மறைக்க ஒன்றும் இல்லாதவள் எதற்காக இருட்டில் இருக்கிறாள்? கீழே அவன் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு மறுபடியும் ஜன்னலைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

"கீழ படுத்துக்கோ," என்றாள் பெரியவள். "ஜன்னலுக்கு அடில, சுவத்த ஒட்டி. தலையத் தூக்காத."

சின்னவள் படுத்த பிறகு லைட்டைப் போட்டாள்.

போட்ட நொடியில் தெரு காணாமல் போனது. சல்லா வெள்ளைச் சுவராகி எதிரே நின்றது. இனி அவன் எங்கே நிற்கிறான், எங்கே பார்க்கிறான், என்ன நினைக்கிறான், ஒன்றும் தெரியாது. அவனுக்கோ அடுப்பில் என்ன பாத்திரம் என்பதுகூடத் தெரியும். முதுகு முழுக்கக் கண்கள் ஊர்ந்தன. பெரியவள் தனியாக இருக்கிற ஒரு பெண்ணாக நடிக்கத் தொடங்கினாள். இத்தனைக்கும் அவள் பல வருஷமாகத் தனியாகத்தான் இருக்கிறாள். ஆனால் தனியாக இருக்கும்போது தான் கையை எப்படி வைத்துக்கொள்வோம், எதைப் பார்ப்போம் என்பது அவளுக்குச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தது.

தண்ணீர் கொதிக்க வைத்தாள். தலைமுடியை அவிழ்த்து முடிந்தாள். ஒரு காரணமும் இல்லாமல் கொட்டாவி விட்டாள். சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்தபோது கை வழக்கம்போல இரண்டை எடுத்துவிட்டது. அந்தச் சில நாட்களில் பழகிவிட்ட கை. சட்டென்று இரண்டாவதை முதல் தட்டின் அடியில் ஒட்ட வைத்து ஒரே தட்டு மாதிரி பிடித்துக்கொண்டாள். பார்த்திருப்பானா? பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால்? சாப்பாட்டைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

ஜன்னலடியில் இருந்து சின்னவளின் குரல் வந்தது. மூச்சுக்காற்றில் பேசுகிற குரல்.

"நீ பேசாத. உதடு அசஞ்சா தெரியும். நான் பேசறேன், நீ சாப்பிடு."

பெரியவள் சாப்பிட்டாள். சின்னவள் கூரையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள். எதற்காக அப்போது சொன்னாள் என்றால், வேறு எப்போதும் அவளுக்கு வாய் வந்ததில்லை. அக்காள் பதில் பேச முடியாது, திரும்பிப் பார்க்க முடியாது, அழ முடியாது என்பது அவளுக்குச் சௌகரியமாக இருந்ததோ என்னவோ.

"எங்க வீட்டுக்கு நீ தச்சுக் குடுத்தியே ஒரு திரை. கறுப்பு லைனிங் வெச்சு. வெயில் கண்ணக் கூசுதுன்னு அவர்தான் உன்கிட்ட கேட்டாரு. அடிக்கறதுக்கு முன்னாடி எப்பவும் எந்திரிச்சுப் போயி அத இழுத்து மூடுவாரு. நிதானமா மூடுவாரு. ரெண்டு ஓரமும் சேருதான்னு பாப்பாரு. அப்புறம்தான் என் பக்கம் திரும்புவாரு. கம்பில வளையம் ஓடற சத்தம் கேட்டாலே எனக்கு ஒண்ணுக்கு வந்துரும்க்கா. தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் அவர நல்லவர்னுதான் சொல்வாங்க."

அந்தத் திரையைப் பெரியவள் ஆசை ஆசையாகத் தைத்தாள். துளி வெளிச்சம் நுழையாத மாதிரி லைனிங் வைப்பதில் அவளை அடிக்க ஆள் இல்லை என்று முதலாளியம்மாகூடப் பாராட்டினாள். இப்போது வாயில் இருந்த கவளத்தை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வெளியே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். தனியாகச் சாப்பிடுகிற பெண் எதற்கு அழுகிறாள் என்று யோசிப்பான். தண்ணீர்ச் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டாள். செம்பை இறக்க வெகுநேரம் ஆனது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத காலடி.

கதவை மெல்லத் தட்டினான். "அக்கா, நான்தான். ரெண்டு தட்டு எடுத்தீங்களே, யாரு வந்திருக்காங்க?"

முதலில் ஓடியது பெரியவளின் கைதான். சுவிட்சை நோக்கி ஓடியது. அணைத்துவிடு, அணைத்துவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. சுவிட்சில் விரல் பட்ட பிறகுதான் நின்றாள். ஆள் படியேறி வந்துவிட்டான். இனி இருட்டு யாருக்கு ஆகும்? அவனுக்குத்தான் ஆகும். இத்தனை வருஷமும் அவனுக்குத்தான் ஆகியிருக்கிறது, அதையும் இவளே அல்லவா தைத்துக் கொடுத்தாள்.

விரலை எடுத்துவிட்டாள். துணி தைக்கிற மேஜை விளக்கையும் போட்டாள். அடுப்பு மேலே இருந்த விளக்கையும் போட்டாள். பிறகு குனிந்து தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

சின்னவள் வரவில்லை. தரையோடு ஒட்டிக்கொண்டாள். "அக்கா, தெரியும்க்கா. வெளிய தெரியும்," என்று கெஞ்சினாள்.

"தெரியட்டும்டி. தெருவுக்கே தெரியட்டும். எந்திரி."

அவளைத் தூக்கி நிறுத்தி, ஜன்னலுக்கு நேராக, விளக்குக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினாள். தானும் பக்கத்தில் நின்றாள். கதவு இன்னொரு முறை தட்டப்பட்டது. பிறகு தோளால் ஒரு அழுத்து. பேருக்கு இருந்த தாழ்ப்பாள் கழன்று தரையில் விழுந்தது.

மாப்பிள்ளை உள்ளே வந்தான். கதவைப் பின்னால் சாத்தினான். பெண்டாட்டி எதிரே நிற்கிறாள், அவளைப் பார்க்கவில்லை. அவன் கண் முதலில் போனது ஜன்னலுக்கு. இரண்டு எட்டு வைத்து ஜன்னல் பக்கம் போனான், கை திரையின் ஓரத்துக்கு உயர்ந்தது, அங்கே இழுத்து மூட ஒன்றும் இல்லை. ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. மூடியும் பிரயோஜனமில்லாத துணி. கையை இறக்கிக்கொண்டான்.

"லைட்ட அணைங்கக்கா," என்றான். அத்தனை பணிவாகச் சொன்னான்.

பெரியவள் அசையவில்லை. அவனே சுவிட்சைப் பார்த்தான். அதற்கு முன்னால் சின்னவள் நின்றாள். எப்போது நகர்ந்து அங்கே போனாள் என்று பெரியவளுக்குத் தெரியாது. சின்னவளின் ஒரு கை முதுகுக்குப் பின்னால் சுவிட்சை மூடியிருந்தது.

"வேணாம்," என்றாள். "எரியட்டும்."

அவன் கை தோள் உயரத்துக்கு எழுந்தது. அங்கேயே நின்றது.

கீழே ஒரு பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ எதையோ உரக்கச் சொன்னார்கள், இங்கே பார்த்துச் சொன்னதா, பஸ்ஸில் இடம் பிடிக்கச் சொன்னதா, புரியவில்லை. வெளியே எத்தனை பேர், யார் யார், ஒருவராவது அண்ணாந்து பார்க்கிறாரா என்று அறைக்குள் இருந்த மூன்று பேருக்குமே தெரியாது. சல்லா வெள்ளையாக நின்றது. ஆனால் அங்கிருந்து எவ்வளவு தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். அடுக்கிப் பிடித்த இரண்டு தட்டுகூடத் தெரியும். இந்நேரம்வரை அங்கே நின்று பார்த்தவன் அவன்தான்.

கையை இறக்கினான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, யாருக்கோ காட்டுகிற மாதிரி ஒரு சிரிப்பைச் சிரித்தான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"நாளைக்கு வர்றேன்," என்று பெண்டாட்டியிடம் சொன்னான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். காலடிச் சத்தம் படியில் இறங்கியது. கடைசிப் படிக்கு அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

மேஜையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். பெரியவள் அளவு அண்ணனுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டவர், விடிகிறவரை காத்திருக்க வேண்டாம், முதலாளியம்மாவிடம் சொல்லி வேனை இப்போதே எடுத்துக்கொண்டு வருகிறேன், வந்து ஹாரன் அடித்தால் இறங்கி வாருங்கள் என்றார். சின்னவள் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

அவன் போய்விட்டானா, பஸ் நிறுத்தத்திலேயே நிற்கிறானா, தெரியாது. விளக்கை அணைத்தால் தெரிந்துவிடும். ஒரு நொடி அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தால் போதும். சின்னவள் சுவிட்சைப் பார்த்தாள், பெரியவளும் பார்த்தாள். இருவரும் எழுந்திருக்கவில்லை.